உப்புத்தாள் வாங்கிட்டயா கண்ணு?

வா கண்ணு, வா சாமி. பொடக்காளியில நீ எறக்கி வெச்சிருக்கற சாமானமெல்லாம் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சு. ஒரு டின் ரெசின், அதுக்கு ரெண்டு சீசா மருந்து, சுருட்டி வெச்ச ஃபைபர் மேட்டு, வெள்ளை வெளேர்னு தெர்மாகோல் அட்டை, பிரஷ்ஷு, கையுறை, ஒரு கறுப்புக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி எதுக்குன்னு மொதல்ல வெளங்கல. பொறவு நீ அதைப் போட்டுக்கிட்டு அந்த டின்னுக்குப் பக்கத்துல நின்னு எடுத்த ஃபோட்டோவைப் பாத்தேன், வெளங்கிருச்சு. எல்லாம் வாங்கியிருக்கறே. உப்புத்தாள்தான் ஒரு துண்டுகூடக் காணோம். ஸ்விஃப்டுக்கு முன்னாடி பம்பருக்கு உதடு, ரெண்டு பக்கமும் ஸ்கர்ட்டு, பின்னாடி ரெக்கை, எல்லாம் "ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சுரும்"னு அம்மிச்சிகிட்டச் சொன்னயாமா. எந்த ஞாயித்துக்கெழமைன்னு சொல்லாம விட்டயே, அங்க நிக்குது உன்ற கெட்டிக்காரத்தனம்.

நீ பாத்த வீடியோவை நானும் பாத்தேன். மோட்டாரைப் போட்டுட்டு வாய்க்கா நெறையற வரைக்கும் எனக்கும் வேற என்ன சோலி? ஒருத்தன் அட்டையை அறுக்கறான், துணியை விரிக்கறான், என்னமோ தடவறான், அடுத்த நொடியில பம்பர் பளபளன்னு நிக்குது. எடையில அவன் சட்டை மாறியிருந்துதே, பாத்தயா? தாடிகூடச் சித்த நீண்டிருந்துதே? அந்தத் தாடி வளந்த நேரத்துலதான் கண்ணு வேலை நடந்திருக்குது. அதை அவன் படம் புடிக்கல. ஒருத்தன் பொழுதன்னிக்கும் உக்காந்து தேய்க்கறதை எவன் பாப்பான்?

உன்ற அப்புச்சி நான், கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில பொழைச்சவன்னு உனக்குத் தெரியும். நீ ஏறற பஸ்ஸுல பாதிக்கு மூஞ்சி ஃபைபர்தான். இரும்புக் குழாய்ச் சட்டத்துமேல கொண்டாந்து மாட்டுன மூஞ்சி. அதை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் புதுசாச் செதுக்க மாட்டாங்க. ஒரு தடவை பேட்டர்ன் செஞ்சு, அதுமேல மோல்டு எடுத்து, பொறவு மோல்டுக்குள்ள மேட்டும் ரெசினும் போட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணா உரிச்சுக்கிட்டே இருப்பாங்க. பேட்டர்ன் செய்யறவரு தனி ஆளு. அவருக்குக் கூலியும் எச்சு, கோவமும் எச்சு. எங்களையெல்லாம் கிட்டவே சேத்தமாட்டாரு.

உனக்கு வேண்டியது ஒத்தை வண்டிக்கு. அதுக்கு மோல்டு எடுக்கறது வீண் செலவு, அட்டையைச் செதுக்கி அதுமேலயே ஃபைபரைப் போட்டுரலாம்னு நெனச்சிருக்கறே. நல்ல ரோசனைதான். அமெரிக்காவுல பர்ட் ரூட்டான்னு ஒருத்தரு 1975ல இதே வழியில ஏரோப்ளேனே பண்ணிப் பறக்க விட்டாரு. வேரிஈஸின்னு பேரு. காய்ச்சுன கம்பியால ஃபோமை ரெக்கை வடிவத்துக்கு அறுக்கறது, அதுமேல கண்ணாடித் துணியும் எபாக்ஸியும் போடறது, மோல்டே கெடையாது. அவரு படம் போட்டு வித்ததை வாங்கி, ஊட்டுக் கார் ஷெட்டுல வெச்சே கட்டிப் பறந்தவங்க எத்தனையோ பேரு. அப்பிடிப் பாத்தா உன்ற ரெக்கை கார் டிக்கிமேல சும்மா உக்காந்திருக்கப் போறது, அதுக்கென்ன பயம்? ஒரே ஒரு சங்கதிதான். அவரு போட்டது எபாக்ஸி. நீ வாங்கியிருக்கறது பாலியெஸ்டரு. வெலை கம்மின்னு கடைக்காரன் சிரிச்சுக்கிட்டே குடுத்திருப்பானே?

பாலியெஸ்டர் ரெசினுக்குள்ள ஸ்டைரீன்னு ஒரு சரக்கு இருக்குது. உன்ற தெர்மாகோலும் அதே ஸ்டைரீன் வகையறாதான். ரெண்டும் பங்காளிங்க கண்ணு. நம்மூர்ல பங்காளிங்க ஒட்டுக்காச் சேந்தா என்னாகும்? ஒருத்தன் இன்னொருத்தனை இல்லாமப் பண்ணிருவான். இங்கயும் அதேதான், ஆனா கோர்ட்டு கேஸு இல்லாம சித்த நேரத்துல முடிஞ்சுரும். பக்கத்தூர்ல ஒரு பையன் தெர்மாகோல்ல சிங்க மூஞ்சி செதுக்கி அதுமேல ரெசினை ஊத்துனான். சிங்கம் பூனையாச்சு, பூனை ஒடக்கானாச்சு, கடைசியில ஈரமா ஒரு மேட்டுத் துண்டு தரையில கெடந்துச்சு. அவன் அதை இன்னும் அட்டாலியில வெச்சிருக்கறான்னு கேள்வி.

உடனே எபாக்ஸி வாங்கப் போறேன்னு எந்திரிக்காத, உக்காரு. நீ வாங்கியிருக்கற மேட்டு நறுக்குன நூலைப் பசை போட்டு ஒட்டுனது. அந்தப் பசையைக் கரைச்சு மேட்டை எளக்கிக் குடுக்கறது பாலியெஸ்டருக்குள்ள இருக்கற ஸ்டைரீன்தான். எபாக்ஸியில அது கெடையாது. அதனால எபாக்ஸிக்கு நெய்த துணி வாங்கோணும். ரெசினை மாத்துனா துணியை மாத்தோணும், துணியை மாத்துனா பர்ஸை மாத்தோணும். அதைவிட அட்டையை மாத்து. ஐஸ் ரூமுக்குச் செவுத்துல வெக்கறாங்களே மஞ்சளா, பஃப்னு, அந்த பாலியூரித்தேன் ஃபோமு. பாலியெஸ்டர் அதைத் தொடாது. கத்தியில சீவலாம், அரத்துல ராவலாம், உப்புத்தாள்ல சும்மா தொட்டாலே தேயும். டப்பாவுல அடைச்சு வர்ற ஸ்ப்ரே ஃபோமும் அதே சாதிதான். ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு எறுகற சாமானம். மொத்தமா ஒரே அடியா அடிச்சு வெச்சயின்னா வெளிய தோல் காஞ்சிருக்கும், உள்ள பச்சையா இருந்துக்கிட்டு ராத்திரியெல்லாம் வீங்கும். காத்தால வந்து பாத்தா நீ வரைஞ்ச பம்பர் அங்க இருக்காது.

செதுக்கறது குசாலான வேலை. அதுல நான் குறுக்க வரமாட்டேன். ஒரு பக்கம் செதுக்கி முடிச்சுட்டு எட்ட நின்னு பாப்பே, உனக்கே உம்மேல மருவாதை வந்துரும். பொறவுதான் இன்னொரு பக்கம் இருக்குதுன்னு நெனவுக்கு வரும். எடது பக்கம் என்ன வளைவோ அதே வளைவு வலது பக்கமும் வரோணுமல்ல. நீ வெச்சிருக்கற மீசையே ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல கண்ணு, தெனமும் கண்ணாடியைப் பாத்து வெட்டியும். அதனால கெட்டி அட்டையில வளைவை வெட்டி வெச்சுக்க. எடத்துக்கொரு அட்டை. அதையே திருப்பிப் புடிச்சு அடுத்த பக்கம் சரி பாரு. நடுக்கோடு ஒண்ணு வண்டியிலயே டேப்பு ஒட்டிப் போட்டுக்க. அப்பறம் மூலை எல்லாத்தையும் உருட்டி விடு. கத்தி முனையாட்டம் வெச்சாத்தான் கெத்துன்னு நெனப்பே. கண்ணாடி நூலு அப்பிடி மடங்காது. முனையில தூக்கிக்கிட்டு நிக்கும், அடியில காத்துப் பொத்து உக்காந்துக்கும். கூர் வேணும்னா கடைசியில பட்டியில எடுத்துக்கலாம்.

வண்டிமேல வெச்சே செய்யறதா இருந்தா பெயிண்டு தெரியாம மாஸ்க்கிங் டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டு, அதுக்கு வெளிய நாலாபுறமும் பாலித்தீனைப் போட்டு மூடு. ரெசின் ஒரு சொட்டு பானெட்டுல விழுந்தா பானெட்டுக்கும் பாடி கிட்டு பண்ண வேண்டியதாயிரும். வடிவம் மட்டும் வண்டிமேல பாத்துக்கிட்டு, ரெசின் வேலையைக் கழட்டி வெச்சுச் செய்யறதுதான் எம்பட ரோசனை. என்ற ரோசனையை எவன் கேக்கறான்?

இப்ப அந்த ரெண்டு சீசாவை எடு. வேண்டாம், ஒண்ணை மட்டும் எடு. ரெண்டையும் ஒரே கையில எடுக்காத. ஊதாவா இருக்கறது கோபால்ட், எறுகறதை முடுக்கி விடறது. நெறமில்லாம இருக்கறது கேட்டலிஸ்ட், எம்.ஈ.கே.பி.ன்னு சொல்லுவாங்க. மொதல்ல கோபால்டை ரெசின்ல ஊத்தி நல்லாக் கலக்கு. நெறம் ஒண்ணாச் சேந்த பொறவு, வேலை செய்யற நேரத்துல மட்டும் கேட்டலிஸ்டை ஊத்து. இது ரெண்டும் ரெசின் இல்லாம நேருக்கு நேராச் சேந்துச்சுன்னா தீப்புடிச்சு வெடிக்கும். வெளையாட்டுக்குச் சொல்லல, இந்தப் பேச்சு முழுக்க நான் வெளையாடாத எடம் இது. எங்க பட்டறையில ஒண்ணு கெழக்கு மூலையில இருக்கும், இன்னொண்ணு மேக்கு மூலையில இருக்கும். அளக்கற மூடிகூட வேற வேற. சில கடையில கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினே குடுப்பாங்க. அது கெடைச்சா அதையே வாங்கு, பாதி வெசனம் போச்சு. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும். அதனால அந்தக் கறுப்புக் கண்ணாடியை ஃபோட்டோவுக்கு வெச்சுக்கிட்டு, பக்கம் மூடுன வெள்ளைக் கண்ணாடி ஒண்ணு வாங்கு. தெறிச்சா தண்ணியைத் தொறந்து விட்டுக் கால் மணி நேரம் கழுவிக்கிட்டே இரு, கழுவுன கையோட ஆசுபத்திரிக்கு ஓடு.

கேட்டலிஸ்ட் எவ்வளவுன்னு கேளு. ஒரு கிலோ ரெசினுக்கு 10லிருந்து 20 கிராம். டின்மேல என்ன போட்டிருக்குதோ அதுதான் வேதம். சித்திரை வெயில்ல கம்மி, மார்கழிப் பனியில எச்சு. கண்ணளவு, கைப்பக்குவமெல்லாம் அம்மிச்சி சமையல்ல வெச்சுக்க, இங்க தராசு வேணும். அம்மிச்சின்னதும் நெனவு வந்துச்சு, காபி டம்ளர் ஒண்ணைக் காணோம்னு ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருக்கறா. அது உன்ற ரெசின் டின்னுக்குப் பக்கத்துல கெடந்துதுன்னு நான் இன்னும் சொல்லல. சொல்லமாட்டேன். ஆனா நீ என்ற பேச்சை எவ்வளவு கேக்கறயோ அவ்வளவுக்குத்தான் சொல்லமாட்டேன்.

ஒரே தடவையில மக்கு நெறையக் கலக்கி வெச்சுட்டு ஃபோன் பேசப் போயிராத. எறுகறப்ப ரெசின் சூடாகும். மெல்லிசா விரிச்சுக் கெடந்தா சூடு காத்துல போயிரும். மக்குக்குள்ள குமிஞ்சு கெடந்தா சூடு சூட்டையே ஏத்திவிட்டு, நீ திரும்பி வர்றதுங்காட்டியும் மக்கு வளைஞ்சு பொகை வந்திருக்கும். சித்தச் சித்தமாக் கலக்கு. இன்னொண்ணு, பொடக்காளியில அம்மிச்சி வெந்நி வெக்கற வெறகடுப்பு இருக்குது. ரெசின், பிரஷ்ஷு கழுவற அசிட்டோன், ரெண்டும் நெருப்பைத் தேடிப் போற சரக்கு. அன்னிக்கு எல்லாரும் பச்சைத் தண்ணியில குளிச்சுக்கலாம். உங்கப்பனைத் தவர. மாப்பிள்ளைக்கு நான் சொல்ல முடியாது, நீயே சொல்லிக்க.

மேட்டைக் கத்திரியில வெட்டாம ஓரத்தைக் கையில பிச்சு எடு. பிச்ச ஓரம் அடுத்த துண்டோட படிஞ்சுக்கும், வெட்டுன ஓரம் படி கட்டி நிக்கும். மேட்டோட எடைக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் போதும். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு ஒரு சுத்துப் போட்டா ஒரு மில்லிமீட்டர் சுமார் கனம் வரும். மூணு சுத்துப் போட்டு, மேல மெல்லிசா டிஷ்யூ ஒண்ணு விரிச்சா உன்ற சாமானத்துக்குத் தாராளம். பிரஷ்ஷை இழுக்காத, குத்து. இழுத்தா நூலெல்லாம் உன்கூடவே வந்துரும். குத்தி நனைச்ச பொறவு இரும்பு ரோலரை உருட்டிக் காத்தை வெளியேத்து. வெள்ளையாத் தெரியற எடமெல்லாம் காத்து, இல்லாட்டிக் காஞ்ச நூலு. ரெசினைக் கொட்டுனாக் கெட்டியாகும்னு ஒரு நெனப்பு எல்லாத்துக்கும் இருக்குது. கெட்டி கண்ணாடி நூல்ல இருக்குது கண்ணு, ரெசின் அதைப் புடிச்சு வெக்கற பசை. கொட்டுன எடம்தான் மொதல்ல விரியும். எறுகுன பொறவும் மேல்தோல் விரல்ல ஒட்டும், கெட்டுப்போச்சுன்னு அலறாத. காத்துப் படற பக்கம் சில ரெசின் அப்பிடித்தான் முழுசாக் காயாது. அசிட்டோன்ல தொடைச்சுட்டு வேலையைப் பாரு.

உடம்பு அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்க, கழுத்துல துண்டைச் சுத்திக்க. மூக்குக்குத் துண்டு பத்தாது. ரெசின் ஆவிக்குக் கரி டப்பா வெச்ச மாஸ்க்கு, தேய்க்கறப்ப தூசி மாஸ்க்கு. அந்தத் தூசி கண்ணாடி. வேலை முடிஞ்சா குளுந்த தண்ணியில தேய்க்காமக் கழுவு. அன்னிக்குப் போட்ட துணியை நீயே தனியாத் தொவைச்சுப் போடு. அம்மிச்சி சீலையோட ஊற வெச்சயின்னா, ஒரு வாரத்துக்கு இந்த ஊட்டுல எல்லாரும் சொறிஞ்சுக்கிட்டேதான் பேசிக்கோணும்.

உன்ற சேக்காளி ஒருத்தன், அதான் செவப்பு ஸ்விஃப்டு வெச்சிருக்கறானே, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு மச்சி"ன்னு கேப்பான். அப்ப மோல்டு எடுக்கத் தோணும். எடு. மேல நல்லா மெழுகு தேச்சுத் தேச்சு மினுக்கு, பிவிஏ தடவிக் காய விடு, பொறவு ஜெல்கோட்டு, பொறவு மேட்டு. மெழுகுல சோம்பேறித்தனம் பட்டா பேட்டர்னும் மோல்டும் ஒண்ணாயிரும், பொறவு சுத்தியல்தான் பிரிச்சு வெக்கோணும். உள்பக்கமா மடங்குன வளைவு எங்கயாச்சும் இருக்குதான்னு மொதல்லயே பாத்துக்க. இருந்தா மோல்டை ரெண்டு துண்டாச் செஞ்சு போல்ட்டுப் போடோணும். இல்லாட்டி எறுகுன சாமானம் வெளிய வரவே வராது. நீயும் உன்ற சேக்காளியும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்துக்கிட்டு நிப்பீங்க. இதுல இன்னொரு சூட்சுமம். 1964ல கலிஃபோர்னியாவுல புரூஸ் மேயர்ஸ்னு படகு கட்டற ஆளு ஒருத்தரு, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட எஞ்சினை வெச்சு ஃபைபர் உடம்புல ஒரு மணல்வண்டி பண்ணுனாரு. மேயர்ஸ் மேங்ஸ்னு பேரு. ஊரே வாயப் பொளந்துச்சு. 1967ல அதுலயே பாலைவனம், கல்லு, மேடெல்லாம் தாண்டி மெக்சிகோவோட பாஹா நெலத்தை 34 மணி 45 நிமிசத்துல ஓட்டி முடிச்சுச் சாதனை பண்ணுனாரு. என்ன பிரயோசனம்? ஃபைபர்ல ஒண்ணைச் செஞ்சா அதுமேலயே மோல்டு எடுத்து இன்னொருத்தன் செஞ்சுருவான். செஞ்சானுங்க. மேயர்ஸ் கேஸ் போட்டுத் தோத்துப் போனாரு. உன்ற சேக்காளிகிட்டக் காசை முன்னாடியே வாங்கிக்க.

செரி, எறுகிருச்சு, ஓரமெல்லாம் அறுத்தாச்சுன்னு வெச்சுக்குவோம். எட்ட நின்னு பாப்பே. மேடும் பள்ளமும் நூலும் நாருமா ஒரு சாமானம் நிக்கும். அம்மிச்சி "இதென்ன சாமி, ஓட்டைத் தொட்டியா?"ன்னு கேப்பா. கோவிச்சுக்காத. இப்பத்தான் வேலை ஆரம்பம். இதுக்குத்தான் உப்புத்தாள் வாங்கிட்டயான்னு கேட்டேன்.

மொதல்ல 80ஆம் நம்பர் தாள்ல நெகநெகன்னு இருக்கற தோலைச் சுரண்டு, அப்பத்தான் பட்டி புடிக்கும். பட்டியில ஹார்டனரைக் கலந்து மெல்லிசா இழு. மொத்தமா அப்புனா ஒரே நாள்ல முடிஞ்சுரும்னு தோணும். அதைத் தேய்க்கற நாளைச் சேத்துக் கணக்குப் போடு. தாளை விரல்ல வெச்சுத் தேய்க்காத, விரலுக்கு விரல் வாய்க்கா விழுந்துரும். நேரான கட்டையில சுத்திக்க. வளைவுக்கு ரப்பர் குழாய்த் துண்டுல சுத்திக்க. குறுக்க நெடுக்க மாத்தி மாத்தித் தேயி. பொறவு கறுப்புப் பெயிண்டை எட்டத்துல இருந்து பூத்தூவலா அடிச்சுட்டு மறுக்காத் தேயி. மேடு வெளுத்துரும், பள்ளம் கறுப்பாவே உக்காந்திருக்கும். அங்க மட்டும் பட்டி. மறுக்காத் தேயி. மறுக்காக் கறுப்பு. எங்க பட்டறையில பேட்டர்ன் செய்யற அவரு இருந்தாரே, மெல்லிசா ஒரு துணியைக் கையில சுத்திக்கிட்டுக் கண்ணை மூடி தடவுவாரு. எங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத எடத்துல சுண்ணாம்புக் கட்டியில வட்டம் போட்டுட்டுப் போயிருவாரு. ஒரு பேச்சும் பேசமாட்டாரு. அந்த வட்டத்தைப் பாத்தாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும், அன்னிக்குப் பொழுது அங்கதான்னு.

80 முடிஞ்சா 120, பொறவு 220. எதையும் தாண்டிக் குதிக்காத. 80ல விழுந்த கீறலை 400 மூடாது, பெயிண்டு காஞ்சு சுண்டுன பொறவு அது எட்டிப் பாக்கும். ப்ரைமர் அடிச்சு 400, பெயிண்டுக்கு முன்னாடி 600, 800 தண்ணி போட்டு. அப்பவும் அவசரப்பட்டு பெயிண்டடிக்காத. வெயில்ல நாலு நாள் போட்டு வெய்யி. பாலியெஸ்டர் எறுகுன பொறவும் சுருங்கிக்கிட்டே இருக்கற சாமானம். பச்சையா இருக்கறப்பவே பெயிண்டடிச்சா, பின்னாடி மேட்டோட நூலுத்தடம் அப்பிடியே மேல வந்து நிக்கும். நீ கேட்டிருக்கறது என்ன நெறம்? பளபளா கறுப்பா? பலே! ஒரு அலை, ஒரு பள்ளம் விடாம ஊருக்கே காட்டிக் குடுக்கற நெறம் அதுதான். ட்யூப் லைட்டோட நெழல் அதுல நேராத் தெரியற அன்னிக்கு வந்து என்னைக் கூப்புடு, நான் எந்திரிச்சு நிக்கறேன்.

பெரிய கம்பெனிக்காரங்களும் இந்தப் பாட்டைப் பட்டவங்கதான். அமெரிக்காவுல செவர்லே கம்பெனி 1953ல கார்வெட்னு ஃபைபர் உடம்புக் காரை எறக்குச்சு. அந்த வருசம் மொத்தமே 300 வண்டி, எல்லாம் கையில ஒட்டுனது, எல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு அவங்க என்ன காரணம் வெச்சிருந்தாங்களோ, என்ற கணக்குல வெள்ளை அலையை மறைக்கும். நம்ம பக்கத்துல பெங்களூர்ல சிபானின்னு ஒரு கம்பெனி 1982ல டால்ஃபின்னு ஃபைபர் காரு வித்துச்சு. இங்கிலாந்துல ரிலையன்ட் கம்பெனி பண்ணுன கிட்டன் காருதான், இங்க பேரு மாறி வந்துச்சு. துருப்புடிக்காது, எடையும் கம்மி. ஆனா நம்மாளு காரு வாங்கப் போனா மொதல்ல என்ன பண்ணுவான்? தகரத்தைத் தட்டிப் பாப்பான். தட்டுனா டொக்குன்னு சத்தம். 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துருச்சு, டால்ஃபின் அத்தோட மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு. நம்ம கோயமுத்தூர்ல கரிவரதன் அந்த மாருதி எஞ்சினை வெச்சே ஃபார்முலா மாருதின்னு ஒத்தை ஆள் ரேஸ் வண்டி பண்ணுனாரு. குழாய்ச் சட்டம், மேல ஃபைபர் தோல். 1995ல குட்டி விமானம் ஓட்டறப்ப விழுந்து செத்துப்போனாரு, பாவம். செட்டிபாளையத்துல இருக்கற ரேஸ் ட்ராக்கு அவரு பேர்லதான். எதுக்குச் சொல்றேன்னா, அந்த ட்ராக்குக்குள்ள ஓடற வண்டிக்கு நீ ரெக்கை வெச்சாலும் கொம்பு வெச்சாலும் ஆர்.டி.ஓ. வந்து கேக்கமாட்டாரு.

ரோட்டுல கேப்பாரு. கம்பெனி குடுத்த அளவை, அமைப்பை மாத்தப்படாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவு இருக்குது. கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையேதான் சொல்லிருச்சு. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லாட்டி 6 மாசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ரெண்டும்னு வெச்சுட்டாங்க. உதடு ஒண்ணு, ஸ்கர்ட்டு ரெண்டு, ரெக்கை ஒண்ணு. நீதான் இஞ்சினீரிங் படிக்கறயே, பெருக்கிக்க. ஆனா அசல் பம்பரைக் கழட்டி எறிஞ்சுட்டு அந்த எடத்துல ஃபைபரை மாட்டறதை மட்டும் நெனக்கவே நெனக்காத. அந்த ப்ளாஸ்டிக்குக்குப் பின்னாடி இடியைத் தாங்கறதுக்குன்னு சாமானம் வெச்சு, அளவு பாத்து மாட்டியிருக்கறாங்க. ஃபைபர் நசுங்காது, ஒடையும். ஒடைஞ்ச முனை நெடுக்க ஊசி. ரோட்டுல நடந்து போறவன் என்ன பாவம் பண்ணுனான்? மேல ஒட்டற அலங்காரமா, எப்ப வேணும்னாலும் கழட்டறதா செஞ்சுக்க. ஆர்.டி.ஓ.வுக்குக் காமிச்சு, இன்சூரன்சுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டு. கேக்கறப்ப கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

போல்ட்டு மாட்டற எடத்துல பெரிய வாஷரு வெய்யி, உள்ள ஒரு தகடு வெச்சு மேட்டைப் போட்டு மூடு. வெறும் ஃபைபர்ல ஓட்டை போட்டு முறுக்குனா ஓட்டையில இருந்து வெடிப்பு ஓடும். உதட்டை எவ்வளவு எறக்கறேன்னும் பாத்துக்க. நம்மூர் வேகத்தடைக்கு அளவெல்லாம் கெடையாது, அன்னிக்குத் தாரு எவ்வளவு மிச்சமோ அவ்வளவு ஒசரம்.

இவ்வளவு சொன்ன பொறவும் உன்ற மூஞ்சியில ஒரு வாட்டமும் தெரியல. அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருந்தேன். செரி, பண்ணு. ஆனா எடுத்த எடுப்புல காருமேல கை வெக்காத. சின்னதா ஒண்ணு பண்ணிப் பழகு. ஓரம் மடங்கியிருக்கோணும், மூலை உருண்டிருக்கோணும், மேல சரிவா இருக்கோணும், மழை தண்ணி உள்ள போவாம வழியோணும். ஃபோமு செதுக்கறது, மேட்டு போடறது, பட்டி, பெயிண்டுன்னு எல்லாப் பாடமும் அதுக்குள்ளயே வந்துரும். அப்பிடி ஒரு சாமானம் எங்க இருக்கும்னு நானும் பொழுதன்னிக்கும் ரோசிச்சேன். பாரு, கெணத்து மேட்டுல மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்குதல்ல, அதுக்கு மேல் மூடி துருப்புடிச்சு உதுந்து போன சித்திரையில இருந்து உரச்சாக்கைப் போட்டு மூடி வெச்சிருக்கறேன். ஃபைபர் துருப்புடிக்காது, கரண்டும் கடத்தாது. எனக்காகச் சொல்லல கண்ணு, உன்ற படிப்புக்காகச் சொல்றேன். அது நல்லா வந்துச்சுன்னா மேல்தொட்டிக்கு ஒரு மூடி. அது பெரிய சைஸு, ஸ்கர்ட்டுக்கு நல்ல பழக்கம். அப்பறம் டிராக்டர் மட்கார்டு ஒண்ணு விரிஞ்சு கெடக்குது, அது பம்பர் வளைவேதான். இதெல்லாம் முடிச்சுட்டுக் காருக்குப் போனயின்னா, ரெசின் மிச்சமிருந்தா, ஜமாய்ச்சுரலாம்.

நெறம்? ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உனக்குப் புடிச்ச கறுப்பே அடிச்சுக்க, அங்க எவன் பாக்கறான். போயி அளவெடுத்துட்டு வா. மொதல்ல மெயினை ஆஃப் பண்ணு, பண்ணிட்டனான்னு மறுக்கா ஒரு தடவை பாரு. அந்த இரும்பு டேப்பைக் கொண்டு போகாத. அட்டாலியில என்ற மரமுழக்கோல் கெடக்குது, அதை எடுத்துக்க. வர்றப்ப அப்பிடியே மேல்தொட்டி வாயையும் அளந்துட்டு வந்துரு, மறுக்கா ஏணி ஏற வேண்டாம் பாரு.